பொறியியல் படித்த போதகர் நம் வார்டில் போட்டியிடலாமா?

கொடுங்கையூர் குடியிருப்பாளர் எழுதியது:

வடசென்னை நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பகுதியில் சில வாரங்களாக நடந்துவரும் ஒரு பேச்சை இங்கே உங்கள் முன் வைக்கிறேன். எங்கள் தெருக்களை ஒட்டியுள்ள பாப்திஸ்து சபையின் போதகர் சிவில் பொறியியல் படித்தவர். ஊழியத்துக்கு வருமுன் பதினாறு ஆண்டுகள் சாலை, வடிகால் வேலைகளில் இருந்தார். இப்போது இங்குள்ள குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டுக் குழுவுக்கு அவரே தலைவர். மாநகராட்சித் தேர்தல் கடைசியாக 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. அடுத்து வரும் தேர்தலில் அவர் சுயேச்சையாக நிற்க வேண்டும் என்று சாதி, மதம் பாராமல் எங்களில் பலர் அவரிடம் கேட்டிருக்கிறோம். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

நான் கிறித்தவன் இல்லை. எங்கள் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். அப்படியிருந்தும் நான் அவரைக் கேட்பதற்குக் காரணம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்தது. எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகால் இருந்தும் நான்கு நாட்கள் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. வடிகாலில் அடைப்பு என்று ஒரு தரப்பும், கால்வாய் நிரம்பிவிட்டது என்று மற்றொரு தரப்பும் சொல்லிக்கொண்டிருந்தன. தண்ணீர் வடிந்த மறுநாள் போதகர் ஒரு கொத்தனாரிடமிருந்து டியூப் லெவல் வாங்கிவந்து, தெருமுனை தொடங்கிக் கால்வாயில் சேரும் இடம் வரை பத்தடிக்கு ஒரு முறை மட்டம் பார்த்தார். வடிகாலின் அடித்தளம் எங்கள் தெருவில் இருப்பதைவிடக் கால்வாய் வாயில் ஏறக்குறைய ஒரு சாண் உயரமாக இருந்தது. வாட்டம், அதாவது சரிவு, எதிர்ப்பக்கமாக இருந்தால் எவ்வளவு தூர் வாரினாலும் தண்ணீர் போகாது. அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, டீக்கடைச் சுவரில் ஒட்டி, சந்தேகம் உள்ளவர்கள் தாங்களே அளந்து பார்க்கலாம் என்று கீழே குறிப்பும் எழுதினார். அந்தத் தாளோடு நாங்கள் அலுவலகத்துக்குச் சென்றோம். அதிகாரிகள் எங்கள் முன்னிலையில் மீண்டும் அளந்தார்கள். ஏறத்தாழ இருநூறு அடி வடிகாலை உடைத்து மறுபடியும் கட்டினார்கள். அதற்கு முன் இரண்டு ஆண்டுகளில் நாங்கள் கொடுத்த மனுக்களால் ஆகாத காரியம் அது. அப்படிப்பட்டவர் மன்றத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் விரும்புவது தவறா?


வியாசை சபையோன் எழுதியது:

நண்பர் குறிப்பிடும் சபையில் நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக உறுப்பினன். போதகரை எனக்கு நன்றாகத் தெரியும், அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பும் உண்டு. இருந்தாலும் அவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பாப்திஸ்துகள் யார் என்பது வெளியில் பலருக்குத் தெரிவதில்லை. விவரமறிந்து விசுவாசித்தவருக்கு மட்டுமே முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள் என்ற அளவில் அறிந்திருப்பார்கள். அதன் அடியில் இன்னொரு கொள்கை இருக்கிறது. ஒருவரின் விசுவாசத்தில் அரசுக்கு எந்த வேலையும் இல்லை என்பதே அது. இங்கிலாந்தில் முதல் பாப்திஸ்து சபையைக் கூட்டியவர்களில் ஒருவரான தாமஸ் ஹெல்விஸ் 1612-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு இதையே எழுதினார். மன்னரும் மனிதரே, குடிமக்களின் ஆன்மாவின்மேல் அவருக்கு அதிகாரம் இல்லை என்றார்; தம் சபையாருக்கு மட்டுமன்றி யூதருக்கும் முஸ்லிம்களுக்கும் அந்த உரிமையைக் கேட்டார். அதற்காக நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டு அங்கேயே இறந்தார். அரசதிகாரத்தின் கை சபைக்குள் நீளக் கூடாது என்பதற்காக உயிரைக் கொடுத்தவர்களின் வழியில் வந்த நாம், சபையின் கை அரசதிகாரத்துக்குள் நீளுவதை எப்படி வரவேற்பது?

இதில் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. வாக்குக் கேட்டு ஒரு வீட்டின் வாசலில் நின்றவர், பிறகு அதே வீட்டில் ஒருவர் மரணப்படுக்கையில் கிடக்கும்போது ஜெபிக்கப் போனால், அந்த வீட்டார் அவரைப் போதகராகப் பார்ப்பார்களா, கவுன்சிலராகப் பார்ப்பார்களா? சபையில் மூன்று கட்சிகளின் குடும்பங்கள் இருக்கின்றன. ஞாயிறு காலையில் அவர்கள் ஒரே பலகையில் உட்காருகிறார்கள். அந்தப் பலகையை நாம் உடைத்துவிடக் கூடாது.


கொடுங்கையூர் குடியிருப்பாளர் எழுதியது:

சபையோன் ஐயா, ஹெல்விஸைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அரசு மதத்தில் தலையிடக் கூடாது என்பதும், மதப் பணியாளர் ஒருவர் குடிமகனாகப் பொதுப்பணி செய்யக் கூடாது என்பதும் ஒன்றாகுமா? உங்கள் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நியூபோர்ட் பாப்திஸ்து சபைக்குப் போதகராக இருந்த ஜான் கிளார்க் ஒரு மருத்துவர். குடியேற்றத்தின் சார்பில் லண்டன் சென்று பல ஆண்டுகள் தங்கி, 1663-இல் மதச் சுதந்திரத்தை எழுத்தில் உறுதிசெய்த சாசனத்தைப் பெற்றுவந்தவர் அவர்தான். பின்னாளில் துணை ஆளுநராகவும் இருந்தார். போதகராகவும் வேறொரு தொழிலில் தேர்ந்தவராகவும் பொது நிர்வாகியாகவும் ஒரே மனிதர் இருந்திருக்கிறார். அவரால் மதச் சுதந்திரத்துக்குக் கேடு வரவில்லை, அது கிடைத்தது.

டென்னசி மாநிலத்தில் 1796 முதலே மதப் பணியாளர்கள் சட்டமன்றத்தில் அமரத் தடை இருந்தது. சட்டனூகா நகரின் பால் மெக்டேனியல் என்ற பாப்திஸ்து போதகர் மாநில அரசியலமைப்பு மாநாட்டின் உறுப்பினர் பதவிக்குப் போட்டியிட்டபோது எதிர்த்து நின்ற வேட்பாளர் வழக்குத் தொடுத்தார். 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. ஊழியம் செய்யும் உரிமையா, தேர்தலில் நிற்கும் உரிமையா, இரண்டில் ஒன்றை விட்டுக்கொடு என்று அரசு ஒருவரை நெருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். மெக்டேனியல் பிறகு பல ஆண்டுகள் தம் மாவட்ட ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். சட்டம் நெருக்காத இடத்தில் நாமே நம் போதகரை நெருக்க வேண்டுமா?


பெரம்பூர் ஓய்வாளர் எழுதியது:

நான் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மதத்தைப் பற்றிய விவாதத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பொறியியலைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த இழையில் அது கேள்வி கேட்காமலே தகுதியாக ஏற்கப்பட்டிருக்கிறது.

வாட்டம் சரியில்லை என்று கண்டுபிடிப்பது நல்ல வேலை. ஆனால் அது உதவிப் பொறியாளரின் வேலை. கவுன்சிலரின் வேலை வேறு. இருக்கும் பணத்தில் முதலில் எந்தத் தெரு, அடுத்து எந்தத் தெரு, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு மட்டம் பார்க்கும் கருவி விடை தராது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்காமல் செய்யும் பணமும், ஓட்டேரி நல்லா என்ற கால்வாயின் கரையில் வசிப்பவர்களுக்குக் கழிப்பிடம் கட்டும் பணமும் ஒரே பையில் இருந்தால், எதற்கு முதலிடம் என்பதில் பொறியாளருக்கும் பூக்காரிக்கும் ஒரே அளவு உரிமைதான் உண்டு.

கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கமும் பொறியாளர்கள் இருக்கிறார்கள், எதிர்ப்பக்கமும் இருக்கிறார்கள். புகைபோக்கியின் உயரத்தையும் வடிகட்டியின் திறனையும் கணக்கிட்டுச் சொல்ல அவர்களால் முடியும். நகரம் முழுவதன் குப்பையை இத்தனை காலம் சுமந்த மக்கள் இன்னும் ஒரு சுமையை ஏற்க வேண்டுமா என்ற கேள்விக்கு அவர்களிடம் சூத்திரம் கிடையாது. என் பயம் இதுதான். பொறியாளர் ஒருவர் தலைமைக்கு வந்தால், எல்லாக் கேள்விக்கும் கணக்கில் விடை இருப்பதாக அவரும் நம்புவார், மக்களும் நம்பத் தொடங்குவார்கள். அவர் போதகராகவும் இருந்துவிட்டால் அந்த நம்பிக்கை இரட்டிப்பாகும். எதிர்த்துப் பேச யாருக்குத் துணிவு வரும்?


எருக்கஞ்சேரி வாசகி எழுதியது:

பெரியவர்கள் நிறைய வரலாறு சொல்லிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

அதே 2023 மழையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அருகில் இருந்த மேடான, காய்ந்த இடம் ஒரு சபையின் கூடம்தான். நீங்கள் பேசும் சபை அன்று, வேறு ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே உணவும் பாயும் கொடுத்தார்கள். என் அம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. அவர் அங்கு வர மறுத்துவிட்டார். உணவுப் பொட்டலத்தோடு ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொல்லியிருந்தாள். "சோத்துக்கு நான் கும்பிடுற சாமியை மாத்திக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, மொட்டைமாடியில் தார்ப்பாயின் கீழ் இரண்டு இரவுகள் இருந்தார். அந்த ஈரத்தில் வந்த நெஞ்சுச்சளி தீர இரண்டு மாதங்கள் ஆயின. பிரசுரம் கொடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, தங்கள் மனத்தில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கொடுக்கும் கை மேலே இருக்கும்போது, வாங்கும் கைக்கு வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது கொடுப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

உங்கள் போதகர் கவுன்சிலர் ஆகிறார் என்று வையுங்கள். அடுத்த வெள்ளத்தில் நிவாரணப் பட்டியல் அவர் கையில் இருக்கும். முதியோர் ஓய்வூதியத்துக்கும் வீட்டு வரிச் சிக்கலுக்கும் என் அம்மா அவரிடம்தான் போக வேண்டும். அவர் ஒரு வார்த்தையும் தவறாகப் பேசமாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அவர் நாற்காலிக்குப் பின்னால் சிலுவை இருக்கிறதா என்று என் அம்மா பார்ப்பார். அதற்கு உங்களிடம் என்ன பதில்?


வியாசை சபையோன் எழுதியது:

சகோதரியின் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தத் தாயாருக்கு நேர்ந்ததற்காக வருந்துகிறேன். என் கருத்துக்கு இதைவிட வலுவான சான்று நான் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

நம் பாப்திஸ்து முன்னோரில் ஒருவர் இதே கேள்வியை எதிர்கொண்டிருக்கிறார். ஜான் கிளஃப் என்ற அமெரிக்க மிஷனரி 1866 முதல் இன்றைய ஆந்திராவில் உள்ள ஓங்கோலில் ஊழியம் செய்தவர். அதற்கு முன் நில அளவை பயின்று, மின்னசோட்டாப் பகுதியில் தம் நாட்டு அரசுக்காக நிலம் அளந்தவர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில், பக்கிங்காம் கால்வாயின் மூன்றரை மைல் நீளத்தைத் தோண்டும் ஒப்பந்தத்தை அரசிடமிருந்து அவரே எடுத்து, பசியில் வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு, பெரும்பாலும் தெலுங்குப் பகுதியின் தலித் சமூகமான மாதிக மக்களுக்கு, கூலி வேலை கொடுத்தார். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் கேட்டு மக்கள் கூட்டமாக வந்தார்கள். கிளஃப் கொடுக்க மறுத்தார். சோற்றுக்காக வந்தவரையும் விசுவாசத்துக்காக வந்தவரையும் பிரித்தறிய முடியாது என்பதால், நிவாரண வேலை முடியும் வரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. பஞ்சம் தீர்ந்தபின் 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

கூலிப்பணம் கையில் இருக்கும் காலத்தில் ஞானஸ்நானத் தொட்டியை மூடிவைத்தார் கிளஃப். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே கை செய்யக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பஞ்சம் ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிட்டது. கவுன்சிலர் பதவியோ ஐந்து ஆண்டுகள். ஐந்து ஆண்டுகள் ஞானஸ்நானம் கொடுக்காத போதகரை ஒரு சபை எப்படி வைத்துக்கொள்ளும்?


கொடுங்கையூர் குடியிருப்பாளர் எழுதியது:

ஐயா, கிளஃபின் கதையைப் போதகரிடமிருந்து நானும் கேட்டிருக்கிறேன். நீங்கள் அதன் ஒரு பாதியை அழுத்திச் சொல்கிறீர்கள், மறுபாதியை நான் சொல்கிறேன். ஒப்பந்தத்தை அவர் எடுத்தார் அல்லவா? ஊழியக்காரனுக்குக் கால்வாய் எதற்கு என்று ஒதுங்கவில்லை. வேலை செய்ய முடியாதபடி மக்கள் மெலிந்து வந்தபோது வெறும் ஜெபத்தோடு நிற்காமல், தமக்குத் தெரிந்த அளவைத் தொழிலை எடுத்துக்கொண்டு மண்வெட்டியோடு போனார். அவர் ஒதுங்கியிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்?

அதே கால்வாய்தான் நம் வீடுகளுக்குப் பின்னாலும் ஓடுகிறது. சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான பகுதி 1806-இல் தொடங்கியது. 1878-இல்தான் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் சுமந்து படகுகள் போன நீர்வழி இன்று கழிவுநீரையும் ஆலைக் கழிவையும் சுமக்கிறது. ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர்க் கால்வாய் எல்லாம் இதில்தான் விழுகின்றன. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே உள்ள ஊர் இது. கடல் ஓதம் ஏறும் நேரத்தில் எண்ணூர்க் கழிமுகம் தண்ணீரை வாங்குவதில்லை. அங்கும் சாம்பலும் மணலும் மேடிட்டுக் கிடக்கின்றன. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கொசஸ்தலை ஆற்று வடிநிலத்தில் கட்டிய வடிகால்கள் வரவேற்கத்தக்கவை. ஆனால் எந்தக் குழாய் எந்த உயரத்தில் எங்கே போய்ச் சேருகிறது என்று மன்றத்தில் எழுந்து கேட்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? பெரம்பூர் ஐயா அதை உதவிப் பொறியாளரின் வேலை என்கிறார். அந்தப் பொறியாளரிடம் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதே என் வாதம்.

எருக்கஞ்சேரி அம்மாவுக்கு மட்டும் என்னிடம் இப்போது பதில் இல்லை. யோசித்து எழுதுகிறேன்.


பாரிமுனை வழக்கறிஞர் எழுதியது:

சட்டம் பற்றிச் சில வார்த்தைகள். இந்தியாவில் மதகுருமார் தேர்தலில் நிற்கத் தடை இல்லை. அரசியல் நிர்ணய சபையிலேயே சென்னையைச் சார்ந்து இயேசு சபைக் குருவான ஜெரோம் டிசூசாவும், அசாமிலிருந்து போதகர் நிக்கல்ஸ் ராயும் இருந்தார்கள். கோரக்நாத் மடத்தின் தலைவர் 2017 முதல் உத்தரப் பிரதேசத்தின் முதலமைச்சராக இருக்கிறார். ஆகவே நிற்கலாமா என்பது சட்டக் கேள்வி இல்லை.

சட்டம் கவலைப்படுவது வேறிடத்தில். 1988-ஆம் ஆண்டின் சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி, வழிபாட்டிடத்தின் கட்டிடத்தை அரசியல் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் நிதியை அரசியல் கட்சிக்காகச் செலவிடவும் கூடாது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது ஊழல் செயல் என்பதை 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், வேட்பாளரின் மதத்தோடு நிறுத்தாமல் வாக்காளரின் மதத்துக்கும் விரித்துப் பொருள் சொன்னது. போதகருக்கு இதில் ஆபத்து அதிகம். ஞாயிறு ஆராதனையில் சபை உறுப்பினர் யாரோ ஒருவர் ஆர்வத்தில் எழுந்து அவருக்காக வாக்குக் கேட்டாலும் விளைவு அவர் தலையில் விழக்கூடும்.

இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒன்றும் இருக்கிறது. வடசென்னையில் பட்டியல் சமூகத்தவருக்கு ஒதுக்கப்பட்ட வார்டுகள் உண்டு. மேயர் பதவியே 2022-இல் பட்டியல் சமூகப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, திரு.வி.க. நகரிலிருந்து வென்றவர் அதில் அமர்ந்தார். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினர். சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே அந்தச் சமூகத்தில் பிறந்து ஒரே சேரியில் ஒரே தண்ணீரில் நிற்கும் கிறித்தவர் ஒருவர் அந்த வார்டில் நிற்க முடியாது. போதகர் எந்தச் சமூகத்தவர் என்று நான் கேட்கவில்லை, அது என் வேலையும் இல்லை. அவரைப் பற்றி இவ்வளவு பேசுபவர்கள், அவருடைய சபையிலும் மற்ற சபைகளிலும் இருக்கும் எத்தனையோ பேருக்கு இந்தக் கேள்வியே எழ முடியாமல் கதவு அடைக்கப்பட்டிருப்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மேலும் பாதி வார்டுகள் பெண்களுக்கு உரியவை. உங்கள் வார்டு அப்படி மாறினால் இந்த இழையே தேவைப்படாது.


ராயபுரம் கடலோரம் எழுதியது:

நான் கத்தோலிக்கன். எங்கள் திருச்சபைச் சட்டத்தின் 285-ஆம் விதி அரசதிகாரத்தில் பங்கு தரும் பதவிகளைக் குருக்கள் ஏற்பதைத் தடுக்கிறது. அமெரிக்கக் காங்கிரசில் பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்த ராபர்ட் டிரைனன் என்ற இயேசு சபைக் குரு, 1980-இல் மேலிடத்துக் கட்டளைக்குப் பணிந்து அடுத்த தேர்தலில் நிற்காமல் விலகினார். எங்களுக்குச் சொல்ல ஒரு மேலிடம் இருக்கிறது. பாப்திஸ்து சபைக்கு ஆயரும் இல்லை, பேராயரும் இல்லை. அப்படியானால் உங்கள் போதகர் தவறும்போது யார் தடுப்பார்கள்? அதை அறிய விரும்புகிறேன்.


வியாசை சபையோன் எழுதியது:

ராயபுரம் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் சபைக்கு மேலே எவரும் இல்லை என்பது உண்மை. சபைக்குள்ளே எல்லாரும் இருக்கிறார்கள். போதகரை அழைப்பதும் விலக்குவதும் சபைக் கூட்டத்தின் வாக்கு. ஆண்டுதோறும் காணிக்கைக் கணக்கு வரிவரியாக வாசிக்கப்படும். மீன் விற்கும் அம்மாள் எழுந்து கேள்வி கேட்பார், போதகர் பதில் சொல்வார். நான் அவரோடு ஒருமுறை கூரை வேலைச் செலவு குறித்துக் கடுமையாகவே வாதிட்டிருக்கிறேன். அதை அவர் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த வகையில் பெரம்பூர் ஐயாவின் பயம் அவரைப் பொறுத்தவரை சரியில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர்த்துப் பேச ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனாலும் என் நிலை மாறவில்லை. கனடாவின் டாமி டக்ளஸ் வேபர்ன் நகரில் பாப்திஸ்து போதகர். 1935-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் அவர் சபைப் போதகராகத் தொடரவில்லை. 1944 முதல் 1961 வரை சஸ்காச்சுவான் மாகாணத்தின் முதல்வராக இருந்து, எல்லாருக்கும் பொதுவான மருத்துவக் காப்பீட்டுக்கு அங்கே வித்திட்டார். நியூயார்க்கின் ஆடம் கிளேட்டன் பவல் வேறு வழியில் போனார். ஹார்லெமின் பெரிய பாப்திஸ்து சபைக்குப் போதகராக இருந்துகொண்டே 1941-இல் நகர மன்றத்திலும் பிறகு காங்கிரசிலும் அமர்ந்தார். கறுப்பின மக்களுக்காக அவர் செய்தவை ஏராளம். ஆனால் பணத்தைத் தவறாகக் கையாண்டார் என்ற குற்றச்சாட்டில் 1967-இல் காங்கிரஸ் அவரை உள்ளே விட மறுத்தது. அது செல்லாது என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்றாலும், அத்தனை ஆண்டுகள் அந்தச் சபையின் பெயரும் செய்தித்தாள்களில் அவரோடு சேர்ந்தே இழுபட்டது. இரண்டும் பாப்திஸ்து வழிகள்தாம். டக்ளஸின் வழியை நம் போதகர் தேர்ந்துகொண்டால், அதாவது பிரசங்க பீடத்தை விட்டு இறங்கிவிட்டு நின்றால், நானே அவருக்காக வீடு வீடாக வருவேன். கண்ணீரோடுதான் வருவேன், ஏனென்றால் அவரைப் போன்ற போதகர் எங்களுக்கு மறுபடியும் கிடைப்பது அரிது.


பெரம்பூர் ஓய்வாளர் எழுதியது:

சபையோன் சொன்ன சபைக் கூட்டம் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சி. இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்பவர்கள் சபையார். எருக்கஞ்சேரி அம்மாவின் தாயார் அங்கே எழுந்து கேட்க முடியாது.

அரசுப் பணிகளில் எம்-புக் என்ற அளவுப் புத்தகம் ஒன்று உண்டு. வேலையை அளந்தவர் அதில் எழுதிக் கையொப்பமிடுவார். அவரே அதைச் சரிபார்க்க முடியாது. வேறொருவர் களத்துக்கு வந்து, சில அளவுகளைத் தாமே மறுபடி எடுத்து, செக் மெஷர்மென்ட் என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகுதான் பணம் போகும். எழுதியவர் நேர்மையற்றவர் என்பதால் வந்த விதி இல்லை இது. நேர்மையானவரின் நாடாவும் சில வேளை மடிந்திருக்கும். பதினாறு ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்தவருக்கு இது ரத்தத்தில் ஊறியிருக்கும், டீக்கடைச் சுவரில் அவர் எழுதிய குறிப்பே அதற்குச் சாட்சி. அவர் போதகராக நீடிப்பாரா விலகுவாரா என்பதைவிட எனக்கு முக்கியமானது ஒன்றுதான்: அவருடைய எம்-புக்கில் அவருடைய சபையைச் சாராத ஒருவர் கையொப்பமிட இடம் இருக்குமா?

வார்டு கமிட்டியும், பகுதி சபை என்ற குடிமக்கள் கூட்டமும் அதற்கென்றே அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தத்தின் வழியில் வந்தவை, ஆனால் அவை கூடுவது குறைவு, கூடினாலும் கேட்பார் குறைவு. போதகரை முதலில் பகுதி சபைக்கு அனுப்புங்கள் என்று ஒரு நண்பர் தனியே எனக்கு எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே அவர் தலைமை ஏற்பதைவிட, அவரைக் கேள்வி கேட்பவர்கள் அங்கே உட்கார வேண்டும்.


கொடுங்கையூர் குடியிருப்பாளர் எழுதியது:

இரண்டு நாட்கள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். நேற்று மாலை போதகரைச் சந்தித்தேன். இந்த இழை முழுவதையும் அச்செடுத்துக் கொடுத்தேன். பிறர் எழுதியவற்றை ஒருமுறையும், எருக்கஞ்சேரி அம்மா எழுதியதைப் பலமுறையும் படித்தார். தேர்தலைப் பற்றி அவர் இன்னமும் முடிவு சொல்லவில்லை. சபைக் கூட்டம் அடுத்த மாதம். அவர்கள் சொல்லும் வரை தாம் எதையும் சொல்வது முறையாகாது என்றார். ஆனால் கூட்டுக் குழுவின் தலைவர் என்ற முறையில் இரண்டு விஷயங்களை உடனே செய்யச் சொன்னார். வெள்ள நிவாரணக் கூடமாக இனி எங்கள் தெருவில் மாநகராட்சிப் பள்ளியையே கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். சபைக் கூடத்தைத் தந்தால் சாமான் வைக்கும் அறையாக மட்டும் தரலாம், அங்கு யாரும் உணவுக்காக வரிசையில் நிற்கக் கூடாது. இரண்டாவதாக, நிவாரணப் பட்டியலைச் சபையைச் சாராத மூவர் எழுத வேண்டும், அதில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும்.

சபையோன் ஐயா, அவர் பீடத்தை விட்டு இறங்க வேண்டும் என்ற உங்கள் கருத்தை நான் இப்போதும் ஏற்கவில்லை. ஒரு மருத்துவரிடமோ வியாபாரியிடமோ நாம் கேட்காததை அவரிடம் மட்டும் கேட்கிறோம். ஆனால் நீங்கள் ஏன் அதைக் கேட்கிறீர்கள் என்பது இந்த இழைக்கு முன் எனக்குப் புரிந்திருக்கவில்லை, இப்போது புரிகிறது.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பின்தெருவின் வடிகாலில் மட்டம் பார்க்கப்போகிறோம். மழைக்கு முன் அதன் அளவுகள் கையில் இருக்க வேண்டும். போதகர் வருகிறார். பெரம்பூர் ஐயாவும் வர முடிந்தால் நன்று.


எருக்கஞ்சேரி வாசகி எழுதியது:

பள்ளிக்கூடம் என்றால் என் அம்மா வருவார். போதகருக்கு வாக்களிப்பேனா என்று இப்போது கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். டியூப்பைப் பிடிக்க உங்களிடம் ஆட்கள் இருப்பார்கள். அளவுகளை நோட்டில் எழுதுவது யார் என்று முடிவாகவில்லை என்றால், அதை நான் எழுதுகிறேன்.